கைப்பிடிக்குள் ஓர் எழுத்து

இடது பக்கம் பார்க்கிற நரி உசத்தியா, வலது பக்கம் பார்க்கிற நரி உசத்தியா என்று இரண்டு பெரிய மனிதர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் எங்கள் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற நில அளவையாளர். இரண்டு பேர் கையிலும் லென்ஸ். நடுவில் ஒரு கத்தி. அதன் அலகில், கைப்பிடிக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு நரித்தலை.

"வலது பக்கம் பாக்குற நரி ரெண்டாம் காலகட்டம் சார். மொத்தமே பன்னெண்டுதான் வெளிய வந்துச்சு," என்றார் பல் டாக்டர்.

"அதான் நானும் சொல்றேன். அந்த வருஷம் செஞ்சவரு மனசுல ஏதோ ஒரு மாற்றம். இல்லன்னா நரி ஏன் திரும்பணும்?" என்றார் செயலாளர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கடுப்பும் வந்தது. நரி ஏன் திரும்பியது என்று எனக்குத் தெரியும். அதைப் பதித்த ஆள் அன்றைக்கு எங்கள் பட்டறை மேஜையில்தான், ஓட வேண்டிய அவசரத்தில், நரி வடிவம் வெட்டிய பிளாஸ்டிக் தாளைப் புரட்டி வைத்து மேலே ஆசிட்டைத் தடவினான். பன்னிரண்டு கத்தி முடிந்த பிறகுதான் பார்த்தான். "அடச்சே!" என்றான். அவ்வளவுதான் இரண்டாம் காலகட்டம்.

ஆனால் அதை நான் அங்கே சொல்ல முடியாது. நான் உறை தைப்பவள். பெயிண்ட் கடை மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடும் உறைக்கத்தி சேகரிப்போர் சங்கத்தில், மூலையில் ஒரு மேஜை போட்டுத் தோல் உறைகள் விற்பவள். அவர்களுக்கு நேராக நிற்கும் கத்திதான் கத்தி. மடக்குக் கத்தியோடு யாராவது வந்தால், கல்யாண வீட்டுக்கு லுங்கி கட்டிக்கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். கத்தியை எடுத்ததும் கூர்மையைப் பார்க்க மாட்டார்கள், முத்திரையைத்தான் பார்ப்பார்கள். அடித்த முத்திரையா, ஆசிட்டில் அரித்த முத்திரையா, ஊசியால் கீறியதா, எந்தப் பக்கம், எத்தனை புள்ளி. பார்த்ததை எல்லாம் செயலாளர் ஒரு தடித்த நோட்டில் எழுதி வைப்பார். ஒவ்வொரு முத்திரை மேலும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஒட்டி, கீழே செய்தவர் பெயர். முத்திரை இல்லாத கத்திக்கு அந்த நோட்டில் இடம் கிடையாது. அது யாரோ செய்த இரும்பு, அவ்வளவுதான்.

அந்த நோட்டில் நரிக்காரனுக்குப் பதினெட்டுப் பக்கம். அந்தப் பதினெட்டுப் பக்கத்துக் கத்திகளையும் செய்தவர் எங்கள் வீட்டுக்காரர்.

நரிக்காரன் வியாபாரி. என்னை "அக்கா" என்பான், நான் "தம்பி" என்பேன், உள்ளுக்குள் இரண்டு பேருக்குமே வேறு வார்த்தை. முத்திரை இல்லாத கத்திகளாக எங்களிடம் வாங்கிக்கொண்டு போய் நரியைப் போட்டு விற்பான். விற்றால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கு அந்த மாடியிலேயே, என் காதுபடவே, "மூணு நாள் உலை முன்னாடி நின்னேன் சார், நாலாவது நாள்தான் இரும்பு என் பேச்சைக் கேட்டுச்சு" என்று ஒருவரிடம் அளந்துகொண்டிருந்தான். உலை எந்தப் பக்கம் திறக்கும் என்று அவனைக் கேட்டிருக்க வேண்டும். அவன் தன் போட்டோவையே முத்திரையாகப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பாள் என் மகள்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். பதினாறு வருஷமாகக் கத்துகிறேன், புதிதில்லை.

"உங்க பேர் போட்டா என்னங்க? உங்க கையால செஞ்சது. உங்க பேர் போட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"ம்," என்றார்.

"ம்மா? ஊர்ல இருக்கறவன் எல்லாம் அவனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறான். நீங்க இங்க கரி பூசிக்கிட்டு நில்லுங்க."

"முத்திரை போட்டா அவன் எடுக்க மாட்டான்."

"எடுக்காட்டி போகட்டும்! வேற ஆளே இல்லியா உலகத்துல?"

"வேற ஆள்கிட்ட யாரு போயி பேசறது?" என்றார். அதுதான் விஷயம். மனுஷனுக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. உலை, சுத்தி, அரம் இவற்றோடு மட்டும் நாள் முழுக்க இருக்கச் சொன்னால் இருப்பார். கல்லுளிமங்கன். "கத்தி நல்லா இருக்கா? வாங்கினவன் கையில நிக்குதா? அது போதும். இதுவரைக்கும் ஒண்ணு உடைஞ்சு வந்திருக்கா சொல்லு."

உடைந்து வந்ததே இல்லை. அதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் பெருமையெல்லாம் அந்த ஒன்றில்தான் இருந்தது. எனக்கோ அது போதவில்லை. அந்த நோட்டில் ஒரே ஒரு பக்கமாவது அவர் பெயரில் இருக்க வேண்டும். நான் செத்தாலும் பரவாயில்லை, அதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது.

அவர் போட மாட்டார் என்றால் நான் போடுகிறேன் என்று ஒருநாள் முடிவு செய்தேன்.

எங்கள் வேலை இப்படி: இரும்பு அவருடையது, மரமும் தோலும் என்னுடையது. அவர் கத்தியை அடித்து, அராவி, உருவம் கொடுத்து ஒரு கம்பியில் மாட்டி வைப்பார். மறுநாள் உலையில் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் முக்குவார். அதற்குப் பிறகுதான் கத்தி கடினமாகும். பிறகு அலகை மட்டும் பளபளவென்று தேய்த்து என்னிடம் தருவார். கைப்பிடிக்குள் நுழைகிற ஒல்லியான பாகத்தை நாங்கள் வால் என்போம். வால் கருப்பாகவே இருக்கும். அதில் நான் மரக் கைப்பிடியைச் செருகி ஒட்டிவிடுவேன். அதற்கப்புறம் அந்த வாலை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஓர் அச்சு வெட்டுபவரிடம் சொல்லி, எங்கள் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்தைச் சுற்றிச் சதுரக் கட்டம் போட்டு, எஃகில் சின்ன அச்சு ஒன்று செய்து வாங்கினேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற அரை மணி நேரத்தில், கம்பியில் தொங்குகிற கத்தியை எடுத்து, வாலில் அச்சை வைத்து, சுத்தியால் ஒரே போடு. இரும்பு அப்போது மிருதுவாக இருக்கும், எழுத்து அழகாக இறங்கும். வாலின் நுனியில் அடித்தால் அவர் அராவும்போது போய்விடுமோ என்று பயந்து, மேலே கழுத்தருகில், அலகும் வாலும் சேருகிற இடத்தில் அடித்தேன். எழுத்து சுவரைப் பார்க்கும்படி மறுபடி மாட்டி வைத்தேன். கண்ணாடி போடுங்கள் என்று கெஞ்சியும் போடாத மனிதர், புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்கிறவர், கவனிக்கவில்லை.

ஒன்றரை வருஷம் அப்படிச் செய்தேன். முப்பத்தேழு கத்திகள். ஒவ்வொன்றும் நரியைச் சுமந்துகொண்டு வெளியே போகும்போது, 'போடா, போ, உள்ள இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியும்' என்று சொல்லிக்கொள்வேன். என்றைக்காவது ஒருநாள் எல்லார் முன்னாலும் ஒரு கைப்பிடியைப் பிளந்து காட்டி நரிக்காரன் முகத்தில் ஈயாடாமல் செய்ய வேண்டும் என்று கனவு வேறு.

பிளந்து காட்ட நான் தேவைப்படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், உறைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். மகள் போனை நீட்டினாள். "அம்மா, உங்க சங்க குரூப்பைப் பாத்தியா? அப்பா பேரு அடிபடுது."

பல் டாக்டர் போட்ட படம். அவர் ஒருவர்தான் அந்தச் சங்கத்தில் கத்தியை அலமாரியில் வைக்காமல் பயன்படுத்துகிறவர். எங்கேயோ கூடாரம் போட்டுத் தங்கப் போயிருக்கிறார், அடுப்புக்கு விறகு பிளந்திருக்கிறார். கத்தி கைப்பிடி ஆரம்பிக்கிற இடத்தில் முறிந்துவிட்டது. படத்தில் அலகு ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். அடுத்த படத்தில், உடைத்துத் திறந்த கைப்பிடிக்குள்ளிருந்து எடுத்த வால். அதில் சதுரக் கட்டத்துக்குள் எங்கள் வீட்டுக்காரர் எழுத்து, பாதி.

அதற்குக் கீழே நரிக்காரன், ஐந்து நிமிஷம்கூடத் தாமதிக்காமல்: "இது என் கையால் செய்தது அல்ல. ஆர்டர் அதிகமாக இருந்ததால் சில அலகுகளை வெளியே கொடுத்துச் செய்ய வேண்டியதாகிவிட்டது. உள்ளே இருக்கும் முத்திரையைப் பாருங்கள். உறைக்கார அம்மாவின் வீட்டுக்காரர் செய்தது." கீழே அவர் முழுப் பெயர், எழுத்துக்கு எழுத்து.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் பெயரை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான் என்று. என்ன ஜென்மம் நான்! அடுத்த நொடிதான் மூன்றாவது படத்தைப் பார்த்தேன். பல் டாக்டரின் வலது கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஆறு தையல். பல் பிடுங்குகிற கை.

போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவரிடம் நீட்டினேன். என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்ன எழுத்து?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அச்சைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். அவர் அதை எடுத்து, கட்டத்தின் மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"திட்டுங்க," என்றேன். "வாயத் திறந்து திட்டுங்களேன்!"

"எத்தனை?"

"முப்பத்தேழு."

பெஞ்சில் உட்கார்ந்தார். "மூலை கூரா இருக்கு பாரு. எண்ணெயில முக்கும்போது இந்த மாதிரிக் கூர் மூலையிலதான் கீறல் விடும். கண்ணுக்குத் தெரியாது. கழுத்துலதான் மொத்த அடியும் வந்து விழும். அங்க போயி அடிச்சிருக்கே." மறுபடி படத்தைப் பார்த்தார். உடைப்பு கட்டத்தின் கூர் மூலையில் தொடங்கி எழுத்துக்குக் குறுக்கே போயிருந்தது. "வால் நுனியில அடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"அத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டிருக்கக் கூடாதா?"

எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், நல்ல தோலில் தப்பான இடத்தில் நாலு துளை போட்டு அதையும் பாழாக்கினேன்.

அந்த ஞாயிறே செயலாளர் அவசரக் கூட்டம் போட்டார். எங்கள் வீட்டுக்காரர் அந்த மாடிக்கு அதுவரை வந்ததே இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாணத்தன்றுகூட அப்படி விறைத்துக்கொண்டு நின்றதில்லை. நான் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்: 'அடிச்சது நான், அவருக்குத் தெரியாது, அவர் செஞ்ச கத்தி எதுவும் உடைஞ்சதில்ல.' மூன்றே வாக்கியம்.

பல் டாக்டர் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நாலு வாரம் க்ளினிக் மூடணும்னு சொல்லிட்டாங்க," என்று மட்டும் சொன்னார். அதைக் கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

நரிக்காரன் எழுந்தான். "நான் நம்பிக் கொடுத்தேங்க. அண்ணன் நல்லவருதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா என் முத்திரைக்குக் கீழ தன் முத்திரையை ஒளிச்சு அடிக்கிறது என்ன நியாயம்? அதனாலதானே கத்தி உடைஞ்சுச்சு?"

அடப்பாவி, நியாயத்தைப் பற்றி யார் பேசுவது பார்! நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்து அழுத்தியது. அவர் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கத்தி நான் செஞ்சதுதான்," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுத்தும் என்னோடதுதான். முப்பத்தேழு கத்தியில இருக்கு. ஒன்றரை வருஷத்துக்குள்ள நரி வாங்கினவங்க யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தாதீங்க. என்கிட்ட கொண்டாங்க. புதுசா செஞ்சு தர்றேன். டாக்டர் சார், உங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. கைப்பிடியைப் பிளந்தால் கத்திக்கு மதிப்புப் போய்விடுமே என்றார் ஒருவர். அலமாரியில்தானே வைக்கப்போகிறேன், உடைந்தால் என்ன என்றார் இன்னொருவர். அந்த ஆளைத் தூக்கிக் கீழே பெயிண்ட் கடையில் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

செயலாளர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "அப்ப அதுக்கு முன்னாடி வந்த நரி?"

"அதெல்லாம் என் கை சார்," என்றான் நரிக்காரன், மூச்சுவிடாமல். "இந்த முப்பத்தேழு மட்டும்தான் வெளிய கொடுத்தது."

"பொய்!" என்று கத்தினேன். "பதினெட்டுப் பக்கமும் இவரு செஞ்சது! ஒவ்வொரு கத்தியும்! இவனுக்குச் சுத்தி பிடிக்கக்கூடத் தெரியாது!"

"ஆதாரம் இருக்காம்மா?" செயலாளர் நல்ல மனிதர்தான், தன்மையாகத்தான் கேட்டார். "பழைய கத்தியோட வாலைப் பிரிச்சா எழுத்து இருக்குமா?"

இருக்காது. பழைய கத்திகளில் நான் அடிக்கவில்லை. அவை உடையவுமில்லை.

"அப்ப நான் என்னம்மா செய்யறது? எழுத்து இருக்கறது இவரோடது, எழுத்து இல்லாதது நரியோடது. முத்திரை என்ன சொல்லுதோ அதைத்தான் நான் எழுத முடியும்."

நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவன் செய்யவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் பல் டாக்டரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கத்திகளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. செயலாளர் உடைந்த வாலை வாங்கி, மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் மெதுவாகத் தேய்த்தார். பாதிக் கட்டமும் பாதி எழுத்தும் தாளில் ஏறின. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி ஒட்டினார். அவர் பெயரைக் கேட்டு, தகப்பனார் பெயரையும் கேட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார். கீழே: 'செய்தவை முப்பத்தேழு. கழுத்தில் உடையும்.'

படிக்கட்டில் எங்கள் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் என்னைப் பேச விடல? அடிச்சது நான். அதைச் சொல்லியிருந்தா உங்க மேல இந்தப் பழி வந்திருக்குமா? பதினாறு வருஷத்துல இன்னிக்குத்தான் 'நான் செஞ்சது'ன்னு நாலு பேர் முன்னாடி சொல்றீங்க. அதுவும் இந்த எழவெடுத்த கத்தியைப் பாத்து!"

"கத்தாதே. கீழ ஆள் இருக்கு."

"இருக்கட்டும்! உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்ல?"

"அதான் வேண்டாம்னேன்," என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே நின்றார். "முப்பத்தேழு தடவை நீ அடிச்சே. முப்பத்தேழு தடவை நான் அந்த வாலைக் கையில எடுத்தேன், உலையில வச்சேன், எண்ணெயில முக்கினேன். ஒரு தடவைகூடத் திருப்பிப் பாக்கல. கீறல் இருக்கான்னு பாக்காமத்தான் அனுப்பியிருக்கேன். அது நீ அடிச்சதுல சேருமா, நான் செஞ்சதுல சேருமா?"

பிடித்திருந்த அவர் சட்டையை விட்டுவிட்டேன்.

"அந்தாளு நோட்டுல எழுதினது தப்பில்ல," என்றார்.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று ஓவென்று அழுதேன். பெயிண்ட் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். எங்கள் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையோடு என் பக்கத்தில் தூசியில் உட்கார்ந்தார். மேலே கதவு திறந்தது. யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி இறங்கி வந்து, துணியில் சுற்றிய கத்தியை அவர் மடியில் வைத்தார். "போன வருஷம் வாங்கினது," என்றார்.

அவர் துணியைப் பிரித்தார். கத்தியின் வாலிருக்கும் பக்கத்தை என்னிடம் நீட்டினார். "கைப்பிடி நீ போட்டது," என்றார். "நீதான் அவுக்கணும்."